ஒரு பக்கம் தேயும் டயர்

“வாத்தியாரே, முன் டயரு மறுபடியும் தேஞ்சுபோச்சு. ஹேண்டில் என்னமா ஆடுது தெரியுமா! கை ரெண்டும் மரத்துப்போச்சு.”

ஆட்டோவை மெக்கானிக் ஷெட்டுக்குள் விட்டதும் விடாததுமாகச் சற்குணம் புலம்ப ஆரம்பித்துவிட்டார்.

மஸ்தான் பாய் தலையைத் தூக்கவில்லை. வியாசர்பாடியில் ஆட்டோ ஓட்டுகிறவர்கள் எல்லோரும் அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். சற்குணத்துக்கு அவர் நிஜமாகவே வாத்தியார். ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொண்டதே இவரிடம்தான். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. இருந்தால் என்ன, கற்றுக்கொடுத்தவர் கற்றுக்கொடுத்தவர்தானே.

“என்னென்ன பார்த்தே?”

“எல்லாம் பார்த்துட்டேன். காத்து கரெக்டா இருக்கு. பேரிங் புதுசு. ரிம்மு கோணல் இல்ல. ரோடுதான் மோசம் வாத்தியாரே.”

“எல்லா வண்டியும் அதே ரோட்டுலதானே ஓடுது?”

சற்குணம் பேச்சை மாற்றினார்.

“சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிக் குடுங்க. பாப்பாவைப் புழல்ல விடணும். மாப்ளை வீட்டுல.”

பின்சீட்டில் பவானி உட்கார்ந்திருந்தாள். சற்குணத்தின் ஒரே மகள். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. காலடியில் துணிப்பை, மடியில் டிபன் கேரியர். மாப்பிள்ளைக்குப் பிடிக்குமே என்று சற்குணம் காலையிலேயே காசிமேடு போய் வாங்கி வந்த வஞ்சிரம், குழம்பாகி அதற்குள் இருந்தது.

பாய் எழுந்து வந்தார். வண்டியின் இடது பக்கம் நின்று கேட்டார்.

“நல்லாருக்கியாம்மா?”

பவானி தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாய் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தார்.

“நல்லாருக்கியாம்மா?”

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். “நல்லாருக்கேன் மாமா.”

“இடது காது என்னாச்சு?”

சற்குணம் முந்திக்கொண்டார். “அது ஒண்ணுமில்ல வாத்தியாரே. குடும்பம்னா முன்னப்பின்ன இருக்கத்தானே செய்யும்? குடிக்காதப்ப மாப்ளையும் தங்கமான புள்ளைதான். இவ கோவிச்சுக்கிட்டு வருவா. நான் நல்லது கெட்டது சொல்லிக் கொண்டுபோய் விடுவேன். ஒரு மாசம் அமைதியா இருக்கும்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, திரும்ப வருவா. திரும்பக் கொண்டுபோய் விடுவேன்.”

சமாதானம் பேசுவதில் சற்குணம் அப்படி ஒரு கில்லாடி! அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

பாய் முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தினார்.

“கையைக் குடு.”

சற்குணத்தின் உள்ளங்கையைப் பிடித்து டயரின் மேல் வைத்தார்.

“உள்பக்கமா தடவு.”

“மொழுமொழுன்னு இருக்கு.”

“இப்ப எதிர்ப்பக்கமா.”

சற்குணம் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். “யப்பா! அரம் மாதிரி அறுக்குது!”

“எந்தப் பக்கம் தேஞ்சிருக்கு?”

“இடது பக்கம்.”

“போன தடவை?”

“அப்பவும் இடதுதான்.”

“அப்ப என்ன பண்ணினே?”

“கழட்டித் திருப்பிப் போட்டேன். தேஞ்ச பக்கம் வலதுக்குப் போயிடும், நல்ல பக்கம் இடதுக்கு வந்துடும். கொஞ்ச நாள் ஆட்டமில்லாம ஓடும். ஸ்டாண்டுல எல்லாரும் பண்றதுதானே!”

“அப்புறம்?”

“அந்தப் பக்கமும் தேஞ்சிடும். அப்புறம் புது டயரு. இதுவும் புதுசா மாட்டினதுதான்.”

“தப்பு டயர் மேலயா?”

“சேச்சே, அது நல்ல டயரு.”

பாய் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை ஸ்பேனரால் தட்டிக் காட்டினார். “வளைஞ்சிருக்கிறது இது. இதுல எந்த டயரைக் கொண்டுவந்து மாட்டினாலும் தின்னுடும். இதைக் கழட்டித் தூக்கிப் போட்டாத்தான் உண்டு. வண்டி ரெண்டு நாள் இங்க நிக்கட்டும்.”

“ஐயோ, ரெண்டு நாளா! இன்னிக்கே விளக்கு வைக்கிற நேரத்துக்குள்ள வந்து சேரணும்னு மாப்ளையோட அம்மா கறாரா சொல்லியிருக்காங்க. லேட்டானா அதுக்கு வேற சாமியாடுவாங்க.”

பாய் ஆணியில் தொங்கிய தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஜும்மா தொழுகைக்கு நேரமாகியிருந்தது.

“நான் வர்ற வரைக்கும் அந்த டயரை எதிர்ப்பக்கமா தடவிக்கிட்டே இரு” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

தடவிக்கொண்டே இருக்கணுமாம்! சற்குணத்துக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அவசரத்துக்கு வந்தவனிடம் இவர் விளையாடுகிறாரா?

வாத்தியார் தெருமுனை திரும்பியதும் சற்குணம் ஜாக்கியை எடுத்தார். சக்கரத்தைக் கழற்றி, காற்றை இறக்கி, ரிம்மைப் பிரித்து, டயரைத் திருப்பிப் போட்டு மூட்டினார். வேர்த்து ஊற்றியது. பவானி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

காற்றடித்து மாட்டியதும் அவளோடு பக்கத்துத் தெரு வரை ஒரு ரவுண்டு போய் வந்தார். ஹேண்டில் ஆடவே இல்லை.

“பார்த்தியா பாப்பா? அப்பா கை வச்சா சும்மாவா!”

பாய் திரும்பி வந்தபோது ஆட்டோ தெருவைப் பார்த்துத் தயாராக நின்றது.

“சரியாயிடுச்சு வாத்தியாரே! நீங்களே கேளுங்க, எஞ்சின் எப்படி அமைதியா ஓடுது.”

இருவரும் கேட்டார்கள். கிணுகிணுவென்று ஒரு சத்தம்.

“ஏதோ நட்டு லூசு” என்று சொல்லி சற்குணம் எஞ்சினை அணைத்தார்.

சத்தம் நிற்கவில்லை.

மட்கார்டை அழுத்திப் பிடித்தார். மீட்டரைப் பிடித்தார். சீட்டுக்குப் பின்னாலிருந்த கம்பியைப் பிடித்தார். கிணுகிணு என்றது விடாமல்.

“என்ன கர்மமோ, ஆஃப் பண்ணியும் ஆடுதே!”

காதைத் தீட்டிக்கொண்டு சத்தத்தின் பின்னாலேயே போனார். பின்சீட் வரைக்கும் போனார்.

டிபன் கேரியரின் கிண்ணங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. அதைப் பிடித்திருந்த பவானியின் கைகள் முழங்கை வரை நடுங்கிக்கொண்டிருந்தன.

“போலாம்பா” என்றாள் அவள். “அவரு வர்றதுக்குள்ள போய்ச் சேர்ந்துடலாம்.”

சற்குணம் அந்தக் கைகளைப் பிடித்துப் பார்த்தார். அவர் பிடியிலும் அவை நிற்கவில்லை.

“வாத்தியாரே...” சற்குணம் நிமிர்ந்தார். “இதை என்ன பண்றது?”

மஸ்தான் பாய் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“திருப்பிப் போட்டுப் பாரேன்” என்றார்.