பழைய டிஸ்க்கில் மாமியார்

எங்கள் காலனியில் நாலு முட்டாள்கள் உண்டு. அதில் ஒருத்தன் நான். மற்ற மூன்று பேரைக் கேட்டால் நாலுமே நான்தான் என்பார்கள்.

நாலு பேரும் டவுன் பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். நான் டிரைவர். சொரிமுத்து என் கண்டக்டர். வைகுண்டம் மெக்கானிக். தாவீது சார் செக்கிங் இன்ஸ்பெக்டர். பாளையங்கோட்டையில் ஒரே தெருவில் வீடு கட்டினோம். புத்தி இருந்தால் ஆளுக்கு ஒரு ஊரில் கட்டியிருப்போம்.

வேலையில் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. சொன்னதைச் செய். ஒரு விசில் அடித்தால் நிறுத்து. ரெண்டு விசில் அடித்தால் எடு. ஏன் என்று கேட்காதே. சர்வீஸ் முழுக்கக் கேட்கவில்லை. இப்போதும் கேட்பதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மாமியார் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம். மறுநாள் காலையில் முதல் திதி. அம்பாசமுத்திரத்திலிருந்து சொந்தக்காரர்கள் வருகிறார்கள். படையலுக்குப் படம் வேண்டும். படம் இல்லை.

மாமியார் படம் எடுக்க விட மாட்டார். கேமராவைக் கண்டால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார். ஆதார் அட்டையில் ஒரு படம் உண்டு. அது தான்தான் என்று அவரே கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. என் மகள் கோமதி ஒரே ஒரு தரம், அவர் பலாப்பழம் உரிக்கும்போது எடுத்துவிட்டாள். கையெல்லாம் எண்ணெயும் பிசினும். மூடிக்கொள்ள வழியில்லை. சிரித்துவிட்டார். அந்தப் படம் பழைய கம்ப்யூட்டரில் இருந்தது. பழைய கம்ப்யூட்டர் போன மழையில் புகைந்து போனது. அதைத் தூக்கி மச்சில் போட்டுவிட்டுப் புதுசு வாங்கியாயிற்று.

என் வீட்டுக்காரி பிச்சம்மாள் அன்றைக்குக் காலையிலேயே சொல்லிவிட்டாள்.

"ஒத்தப் பிள்ளை நான். பெத்த தாய்க்கு ஒரு படம்கூட வச்சிக்கிடலியான்னு நாளைக்கு வாரவங்க கேப்பாவ. எனக்கு எங்கம்மா மூஞ்சி அங்க இருக்கணும். இல்லன்னா மாலைய உங்க கழுத்துல போட்டு அந்த இடத்துல உக்கார வச்சிருவேன்."

செய்வாள்.

கோமதிக்குப் போன் போட்டேன். ஹைதராபாத்தில் வேலை. "பயப்படாதீங்கப்பா. கம்ப்யூட்டர்தான் போச்சு, உள்ள இருக்க ஹார்ட் டிஸ்க் நல்லாத்தான் இருக்கும். அதைக் கழத்திப் புதுசுல மாட்டினா படம் வந்திரும். நான் சொல்லச் சொல்லச் செய்யுங்க. சொல்லாததைச் செய்யாதீங்க."

மூன்று பேரையும் கூப்பிட்டேன். அது என் முதல் தப்பு.

"பழைய இஞ்சினப் புது பாடில ஏத்துறது. அம்புட்டுத்தான?" என்றான் வைகுண்டம். "டிப்போல எத்தனை ஏத்திருக்கேன்."

"ஏத்தினது ஓடிச்சா?" என்றார் தாவீது சார்.

"ஏத்துறதுதான் சார் என் சோலி. ஓட்டுறது இவரு சோலி."

போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தோம். கோமதி ஆரம்பித்தாள். "முதல்ல, கரண்ட்ல ஓடுற எல்லாத்தையும் ஆஃப் பண்ணிருங்க."

செய்தோம். விளக்கு, ஃபேன், அப்புறம் மெயின். அடுப்படியில் கிரைண்டர் நின்றது. சொரிமுத்து போனைப் பார்த்தான். "அண்ணாச்சி, இதுவும் கரண்ட்லதான ஓடுது?"

நியாயம்தான். அதையும் அணைத்தோம்.

நாலு பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். வேர்த்துக் கொட்டியது. கோமதி ஒன்றும் சொல்லவில்லை.

"என்ன, பேச்சையே காணோம்?" என்றார் தாவீது சார்.

"பிள்ளை யோசிக்கா," என்றான் சொரிமுத்து. "அவசரப்படுத்தக் கூடாது."

உளுந்து மாவுக் கையோடு பிச்சம்மாள் வந்தாள். எங்களைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். போனை உயிர்ப்பித்து, கோமதியை மறுபடி கூப்பிட்டு வைத்துவிட்டு, மெயினையும் போட்டுவிட்டுப் போனாள். எங்களுக்கு ஆகாத வேலையை அவள் ஒரு விரலால் செய்வாள். அதனால்தான் அவள் எங்களோடு சேர்வதில்லை.

கோமதி கொஞ்ச நேரம் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. பிறகு, "புது கம்ப்யூட்டர் பிளக்கை மட்டும் உருவிருங்க, போதும். அடுத்து, நம்ம உடம்புல லேசா கரண்ட் இருக்கும். டிஸ்க்கைத் தொடுறதுக்கு முன்னாடி எல்லாரும் ஏதாவது இரும்பைத் தொட்டுக்கிடுங்க."

வைகுண்டம் கையில் எப்போதும் ஸ்பேனர் இருக்கும். அவனுக்குக் கவலையில்லை. நான் வாசல் கேட்டைத் தொட்டுவிட்டு வந்தேன். சொரிமுத்து ஜன்னல் கம்பியைத் தொட்டான். தாவீது சார் பரிசோதனைக்கு நின்றார்.

"கையக் காட்டும்."

காட்டினேன். உள்ளங்கையில் துரு. விட்டுவிட்டார். சொரிமுத்து கை சுத்தமாக இருந்தது.

"ஜன்னலுக்குப் போன வாரம்தான் பெயிண்ட் அடிச்சாங்க. நீரு தொட்டது பெயிண்ட. இரும்ப இல்ல. இறங்கும்."

சொரிமுத்து முகம் செத்துப் போனது. அடுப்படிக்குப் போனான். 'ஆ' என்று ஒரு சத்தம். அரிவாள்மணையைத் தொட்டிருக்கிறான். விரலில் ரத்தத்தோடு வந்து நீட்டினான். "இப்ப செல்லுமா சார்?"

"செல்லும். ஏறும்."

போனையும் எடுத்துக்கொண்டு மூன்று பேர் மச்சுக்குப் போனோம்; சார் கீழேயே நின்றுகொண்டார். வைகுண்டம் பழைய பெட்டியைத் திறந்து டிஸ்க்கைக் கழற்றினான். அவன் கை வேலைக்காரக் கை. அதைக் குறை சொல்ல மாட்டேன். குறை கழுத்துக்கு மேலேதான்.

டிஸ்க்கை ஆட்டாமல் கொண்டுவர வேண்டும் என்றாள் கோமதி. ஆட்டாமல் ஓட்டுவதற்கு என்னை விட்டால் ஆளில்லை. ரெண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு நின்றேன். சொரிமுத்து இன்னும் விசிலைக் கழுத்தில்தான் போட்டிருக்கிறான். ரெண்டு அடித்தான். கிளம்பினேன். படிக்கட்டு திரும்பும் இடத்தில் ஒரு விசில். நின்றேன்.

"எதுக்குவே நிறுத்தினீரு?"

"ஸ்டாப்பிங்."

"இங்க எவன் ஏறப் போறான்?"

"ஆள் இல்லன்னாலும் நின்னுதான் போவணும் அண்ணாச்சி. கீழ சார் பாத்துக்கிட்டு இருக்காரு."

நின்று போனோம்.

கீழே வந்ததும் வைகுண்டம் டிஸ்க்கைக் காதில் வைத்தான். முகத்தைச் சுளித்தான். "உள்ள காய்ஞ்சு கிடக்கு. திறந்து ரெண்டு சொட்டு தேங்காண்ணெ விட்டம்னா பூப்போல சுத்தும்." பாட்டிலையும் எடுத்துவிட்டான்.

போனில் கோமதி கத்தினாள். "மாமா! அதைத் திறக்கவே கூடாது! ஒரு தூசி பட்டாலும் போச்சு, ஆச்சி படம் திரும்பக் கிடைக்காது!"

வைகுண்டம் பாட்டிலைக் கீழே வைத்தான். எல்லோரும் மேலே ஒட்டடையைப் பார்த்தோம். அதற்கப்புறம் சொரிமுத்து டிஸ்க்குக்குக் குடை பிடித்தான். வீட்டுக்குள்தான்.

புது கம்ப்யூட்டர் பெட்டிக்குள் சும்மா கிடந்த ரெண்டு ஒயரை வைகுண்டம் டிஸ்க்கில் சொருகினான். பிளக்கைப் போட்டு ஓட விட்டோம். திரை வெளிச்சம் வந்தது. கோமதி சொன்னாள். "அது எது கேட்டாலும் 'எஸ்' கொடுத்துக்கிட்டே வாங்க. மேனேஜர் கூப்பிடுதாரு, ஒரு நிமிஷத்துல வாரேன்."

மவுஸ் என் கையில். ஸ்டியரிங் மாதிரி என்று கொடுத்துவிட்டார்கள். தாவீது சாருக்கு இங்கிலீஷ் வரும். அவர் படித்துச் சொல்வார். சொரிமுத்து ரெண்டு விசில் அடிப்பான். நான் அமுக்குவேன். முதல் கேள்வி என்னவோ கேட்டது. எஸ். அடுத்தது. எஸ். வண்டி நன்றாகப் போனது.

மூன்றாவதை தாவீது சார் ரெண்டு தரம் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் படித்தார்.

"இந்த டிஸ்க்குல இருக்கது எல்லாத்தையும் அழிச்சிரட்டுமான்னு கேக்குது."

நாலு பேரும் போனைப் பார்த்தோம்.

"பிள்ளை என்ன சொன்னா?" என்றேன்.

"எது கேட்டாலும் எஸ்."

"அழிக்கட்டுமான்னுல்லா கேக்குது?" என்றான் சொரிமுத்து.

"எது கேட்டாலும்னா, இதுவும் அதுல அடக்கம்," என்றார் தாவீது சார். "இதுக்கு மட்டும் விலக்குன்னு அவ சொல்லல."

"பழைய வண்டிக்குப் புது பெயிண்ட் அடிக்கணும்னா, பழசச் சுரண்டித்தான் ஆகணும்," என்றான் வைகுண்டம். "சுரண்டுனப்புறம் படம் பளிச்சுன்னு வரும்."

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. இதில் வெட்கப்பட ஒன்றும் மிச்சமில்லை. விரலை மவுஸில் வைத்தேன். விசிலுக்குக் காத்தேன்.

அந்த நேரம் சொரிமுத்து வாயில் ஆமவடை. திதிக்கு ருசி பார்க்கச் சொல்லி பிச்சம்மாள் கொடுத்தது. அவசரமாக விசிலை வாயில் வைத்து ஊதினான். ஒரு விசில் வந்தது. ரெண்டாவது வரவில்லை.

ஒரு விசில் என்றால் நிறுத்து. விரலை எடுத்தேன்.

"இன்னொண்ணு அடியும்வே!"

"பருப்பு அடைச்சிருச்சு அண்ணாச்சி." ஈர்க்குச்சியை எடுத்து விசிலைக் குடைய ஆரம்பித்தான்.

குடைந்துகொண்டிருக்கும்போதே போனில் கோமதி வந்தாள். "எதுவரைக்கும் வந்திருக்கீங்கப்பா?" தாவீது சார் திரையில் இருந்ததை நிறுத்தி நிதானமாக வாசித்தார். அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

மாமியாரைக் காப்பாற்றியது நாங்கள் இல்லை. ஒரு கடலைப்பருப்பு.

ஒயர் சரியாக உட்காரவில்லை, அதனால்தான் அப்படிக் கேட்கிறது, அணைத்துவிட்டு அழுத்தி மாட்டுங்கள் என்றாள். வைகுண்டம் கட்டைவிரலால் ஒரு அமுக்கு. மறுபடி ஓட விட்டோம். திரையில் அவள் சொன்ன பெட்டியைத் திறந்தேன். அதற்குள் இன்னொரு பெட்டி. அதற்குள் மாமியார். பலாச்சுளையைக் கையில் வைத்துக்கொண்டு, திரை நிறையச் சிரித்தார்.

பிச்சம்மாள் வந்து பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். என்னைப் பார்த்து, "பரவாயில்லையே," என்றாள். கல்யாணமானதிலிருந்து எனக்கு அது முதல் பாராட்டு.

கோமதி சொன்னாள். "காலையில அந்தத் திரையையே வச்சுப் படையல் போட்டுக்கிடுங்க. நான் இப்பவே கிளம்பி ஃப்ளைட் பிடிச்சு, நாளைக்கு மத்தியானம் வந்து மத்ததப் பாத்துக்கிடுதேன். நான் வார வரைக்கும் கம்ப்யூட்டர்ல ஒண்ணையும் தொடக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

நாலு பேரும் பண்ணினோம். தாவீது சார் வீட்டுக்குப் போய் பைபிளை எடுத்துவந்து பண்ணினார்.

அவர் பைபிளை மூடவும் திரை இருளவும் சரியாக இருந்தது.

"எங்கம்மா எங்க?" என்றாள் பிச்சம்மாள்.

கோமதியைக் கூப்பிட்டோம். போன் எடுக்கவில்லை. மவுஸை ஆட்டினால் வருவார் என்று எனக்கே தெரியும். ஆனால் சத்தியம். கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி நின்றோம்.

"தொடுங்களேன்!" என்றாள்.

"தொடக் கூடாதும்மா," என்றார் தாவீது சார். "அவ எழுதிக் கொடுத்தா பாக்கலாம்."

வைகுண்டத்துக்கு வேர்த்தது. மேஜையில் விரித்திருந்த துண்டை முகம் துடைக்க இழுத்தான். துண்டுக்கு மேல் இருந்த மவுஸ் கூடவே நகர்ந்தது. மாமியார் வந்துவிட்டார்.

"தொட்டீரா?" தாவீது சார் சீறினார்.

"துண்டத்தான் சார் இழுத்தேன்."

தாவீது சார் யோசித்தார். "துண்டு கம்ப்யூட்டர்ல சேராது. செல்லும்."

காலையில் திரைக்கு மாலை போட்டோம். விளக்கு, இலை, பலாச்சுளை, எல்லாம் முன்னால். மாமியாருக்குக் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் கண் இருட்டிவிடும். முறை போட்டு ஆளுக்கு ஒரு இழுப்பு. துண்டை மெதுவாக, மவுஸ் சாயாமல் இழுக்க வேண்டும். அதில் நான் கொஞ்சம் கெட்டிக்காரன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அம்பாசமுத்திரத்துக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பார்த்தார்கள். பிச்சம்மாளின் பெரியப்பா மகன் சங்கரலிங்கம் என் காதருகே வந்தார். "இது என்ன முறை மாப்ள?"

நான் வாயைத் திறப்பதற்குள் தாவீது சார் முந்திக்கொண்டார். "இப்ப எல்லா எடத்துலயும் இப்படித்தான்."

சங்கரலிங்கம் தலையாட்டினார். சட்டையைக் கழற்றினார். தோளில் கிடந்த நேரியலை இடுப்பில் கட்டிக்கொண்டு போய், கண்ணை மூடித் துண்டை ஒரு இழுப்பு இழுத்தார். இருட்டிலிருந்து மாமியார் சிரித்துக்கொண்டு வந்தார். கூட்டம் முழுக்கக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. "சித்தி!" என்று ஒரு அம்மாள் அழுதேவிட்டாள். அப்புறம் வரிசை தானாக நின்றது.

மத்தியானம் கோமதி பெட்டியும் கையுமாக வந்தாள். கடைசியில் நின்ற கிழவி அவளைத் தடுத்தாள். "ஏ பிள்ள, செருப்பக் கழத்திட்டு வரிசைல வா." கோமதி என்னைப் பார்த்தாள். நான் துண்டைப் பார்த்தேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றாள்.

அன்று சாயங்காலமே படத்தை அச்செடுத்துச் சட்டம் போட்டுவந்து சுவரில் மாட்டிவிட்டாள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் சங்கரலிங்கம் போன். அவர் அப்பாவுக்குத் திதி. "இங்க யாருக்கும் துண்டு இழுத்துப் பழக்கமில்ல மாப்ள. நாலு பேரும் கட்டாயம் வந்திரணும்."

பஸ் பிடித்துப் போனோம். சுவரில் சட்டம் போட்ட பழைய கறுப்பு வெள்ளைப் படம். கம்ப்யூட்டர் கிடையாது. மவுஸ் கிடையாது. படத்துக்குக் கீழே ஒரு ஸ்டூல். அதில் கோடித் துண்டு, மஞ்சள் தடவி, மடிப்புக் கலையாமல்.

நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம்.

"என்ன சார் செய்ய?" என்றேன்.

"இழுக்கத்தான கூப்பிட்டிருக்காங்க?" என்றார் தாவீது சார்.

முறை போட்டு இழுத்தோம். பந்தி முடியும்வரை இழுத்தோம். படம் ஒரு தடவைகூட அணையவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வைகுண்டம், வீரவநல்லூர் தாண்டியதும் சொன்னான்.

"அந்தக் காலத்து டிஸ்க்குவே. அதான் அணையாம நிக்குது."