கிளம்புறதுக்கு முந்தி இறங்குன பிளேன்

சுடலைமாடன் கோயில்ல பிள்ளைகளுக்கு மொட்டை போடுறது என் வேலை. எத்தனையோ புளுகனைப் பார்த்திருக்கேன். ஆனா வடிவம்மா தம்பி கோமதிநாயகம் மாதிரி ஒருத்தரைப் பார்த்ததில்ல.

தாய்மாமன் மடியில வச்சுத்தான் மொட்டை போடணும். பன்னெண்டு மணியோட நல்ல நேரம் முடியுது. விட்டா அடுத்த வருசக் கொடைத் திருவிழாலதான். ஒம்பது மணிக்கு வாறேன்னு சொன்ன மாமன் பதினொன்னே முக்காலுக்கு வேர்க்க விறுவிறுக்க வந்து நிக்காரு. மூணு வயசுப் பிள்ளையோ என் கத்தியைப் பார்த்தாலே ஊரைக் கூட்டுதான். பிள்ளையோட அம்மா வடிவம்மாவுக்குக் கண்ணு கலங்கிட்டு.

"ஏல, மெட்ராஸ்லேருந்து தூத்துக்குடிக்குப் பிளேன்ல ஒன்றரை மணி நேரம்னு நீதானல சொன்ன?"

"அது சும்மா ஏறுறவங்களுக்குக்கா"ன்னு பிள்ளையை மடியில வாங்கிக்கிட்டாரு. "நான் பைலட்டுகிட்ட மருமகனுக்கு மொட்டைன்னு சொன்னேன். மனுசன் ஒரே மிதி! திண்டிவனத்துல நான் முழுங்குன காப்பி, திருச்சியிலதான் வயித்துக்கு வந்து சேர்ந்துச்சு."

பிள்ளை அழுகையை நிறுத்திட்டு மாமன் வாயையே பார்த்தான். நான் சத்தம் காட்டாம அவன் தலையை நனைச்சேன்.

"அறுநூறு கிலோமீட்டர் இருக்குல்லாடே?"ன்னாரு பிள்ளையோட அப்பா சங்கரபாண்டி.

"இருக்கட்டும் அத்தான். மதுரைக்கு மேல வந்து பார்த்தா பிளேனோட நிழலைக் காணும். அது விழுப்புரத்துல மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கு. வந்து சேருற வரைக்கும் அந்தரத்துல காத்துக்கிட்டு நின்னோம்."

"அதான் லேட்டாக்கும்?"

"லேட்டா? ஏழு மணிக்குக் கிளம்புன பிளேன் ஆறே முக்காலுக்கு இறங்கிட்டு! வினையே அதுலதான். 'இன்னும் கிளம்பாத பிளேனுக்கு ஏணி போட மாட்டோம், போய்க் கிளம்பிட்டு வாங்க'ன்னுட்டாரு ஆபீசர்."

பாதித் தலை முடிஞ்சிட்டு. சிரிச்சா கத்தி வழுக்கிரும்னு உதட்டைக் கடிச்சுக்கிட்டேன்.

"திரும்பி மெட்ராஸ் போனா, வரிசையில யாரு நிக்கா? நானேதான்! இதே சட்டை. இன்னும் மணி ஏழாகலல்லா! ஒரு டிக்கெட்டு, ரெண்டு பேரு. 'மருமகனுக்கு மொட்டை, விட்டுக் குடுங்க'ன்னு அவன் என் கையைப் பிடிச்சுக் கெஞ்சுதான். மனசு கேக்கல. அவனை ஏத்தி விட்டுட்டு நான் பஸ்ஸைப் பிடிச்சேன்."

"ஏழு மணிக்கு பஸ் ஏறினா ராத்திரில்லா வந்து சேரும்?"

"டிரைவர்கிட்டயும் மொட்டைன்னு சொன்னேன்லா!" மாமன் கூட்டத்தைச் சுத்திப் பார்த்தாரு. "ஆமா, அவன் எங்க? காலையிலேயே வந்திருக்கணுமே?"

பன்னெண்டுக்கு இன்னும் ரெண்டு நிமிசம் இருந்துச்சு. கடைசி முடியையும் வழிச்சுத் தட்டுல போட்டுட்டுச் சந்தனத்தைப் பூசினேன். பிள்ளை மண்டையைத் தடவிப் பார்த்துட்டு, "பொறவு மாமா?"ன்னான். அழவே இல்ல.

வடிவம்மா முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

"அவன் வந்தாம்ல. ஒம்பது மணிக்கே வந்து, மாமனுக்குப் போட்ட இலையில உக்காந்து கறிச்சோத்தைத் தின்னுட்டுப் போயிட்டான். உனக்குச் சோறு இல்ல, எந்திரி."