இரண்டு நாட்டுச் சேவைக் கணக்கு

ஆற்றுநாட்டின் தலைமைக் கணக்கர் ஆதனாருக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருடைய குரு பூங்கோதைக்கு முப்பத்தைந்துதான். ஊரில் சிலர் கேலி செய்தார்கள். ஆதனார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எண்களைத் தவிர வேறு எதையுமே அவர் காதில் போட்டுக்கொண்டதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எதிர்க்கரை மேட்டுநாட்டில் ஆறு மாதம் தங்கிவிட்டு அன்று காலை படகில் வந்து இறங்கினார். நேராகக் குருவின் குடிலுக்குப் போய் ஓலைக்கட்டை அவிழ்த்தார்.

"அம்மா, ரெண்டு நாட்டோட முப்பது வருஷச் சேவைக் கணக்கு. வைத்தியம், படிப்பு, சமையல், காவல், படகு எல்லாம் இதுல இருக்கு. மேட்டுநாடு ஏழு மடங்கு வளர்ந்திருக்கு. நாம நின்ன எடத்துலயே நிக்கிறோம்."

"எப்படி அளந்தீங்க?"

"செஞ்ச வேலைக்குக் குடுத்த கூலியை வச்சு."

"சரி."

"நம்ம ஜனங்களுக்கு ஒருத்தருக்கொருத்தர் எதுவும் செய்யத் தெரியலை. அவ்வளவுதான். வைத்தியசாலை, பள்ளிக்கூடம், படகுத்துறை எல்லாத்தையும் மேட்டுநாட்டு வியாபாரிங்க கையில விட்டுடலாம்னு நாளைக்கு அரசவையில சொல்லப் போறேன். அரசர் என் ஓலைக்காகத்தான் காத்திருக்கார். நான் சொல்றது சரிதானேம்மா?"

பூங்கோதை ஓலையைப் பார்க்கவில்லை.

"வீட்டுக்குப் போனீங்களா?"

"இல்லம்மா. நேரா இங்கதான் வர்றேன்."

"வாங்க, போவோம்."

வீட்டில் ஒரு பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உடம்பு பாதியாக இளைத்திருந்தது. தலைமுடி கொட்டிப் போயிருந்தது. யார் இது என்று ஆதனார் ஒரு கணம் யோசித்தார். அப்புறம்தான் அது தன் மனைவி மருதி என்று தெரிந்தது.

"என்னடி ஆச்சு?"

"வாந்திபேதி. நீங்க போன மூணாம் மாசம். பன்னண்டு நாள் நெனவில்லாம கெடந்தேன்."

"எனக்கு ஆள் அனுப்பியிருக்கக் கூடாதா?"

"அனுப்பினாங்களாம். கணக்கு முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்னு திருப்பி அனுப்பிட்டீங்களாமே."

ஆள் வந்தது ஆதனாருக்கு நினைவிருந்தது. அவன் என்ன சொல்ல வந்தான் என்று அவர் கேட்கவே இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"யாரு பாத்துக்கிட்டது?"

"பக்கத்து வீட்டு அக்கா. வீட்டுக்கே போகலை. எடுத்துக் கொட்டி, தொடச்சி விட்டு, சொட்டுச் சொட்டா கஞ்சி ஊத்தி, எல்லாம் அவங்கதான். பதிமூணாம் நாள் நான் எழுந்து உக்காந்தேன். அன்னைக்கு அவங்க படுத்தாங்க."

"இப்ப எப்படி இருக்காங்க?"

மருதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பூங்கோதைதான் பதில் சொன்னாள்.

"மூணே நாள். போயிட்டாங்க."

ஆதனார் எழுந்து, ஓலைக்கட்டும் கையுமாகப் பக்கத்து வீட்டுக்கு ஓடினார். வாசலில் அந்த அக்காவின் கணவர், ஓடக்காரர் செம்பன் துடுப்புக்குக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். ஆதனார் இடுப்பிலிருந்து பணமுடிப்பை உருவினார்.

"செம்பா, பன்னண்டு நாளுக்கு என்ன கூலின்னு சொல்லு. எவ்வளவா இருந்தாலும் குடுக்கறேன். கணக்குலயும் ஏத்திடறேன்."

செம்பன் எழுந்து நின்றார். அறை வாங்கியது போல இருந்தது அவர் முகம்.

"ஐயா, தெரிஞ்சுதான் பேசறீங்களா? அவ உங்க வீட்டுக்குக் கூலிக்கா வந்தா? அதை உள்ள வைங்க."

பூங்கோதை பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். ஆதனார் அவள் பக்கம் திரும்பினார்.

"கூலின்னு எழுதினா அந்தம்மாவைக் கேவலப்படுத்தின மாதிரி ஆகுது. எழுதலைன்னா அவங்க ஒண்ணுமே செய்யலைன்னு ஆகுது. இந்த ஓலையில நான் என்னத்தை எழுதறது?"

"அவங்க பேரை எழுதுங்க."

ஆதனார் எழுத்தாணியை எடுத்தார். இரண்டு வீட்டாரும் இருபது வருடம் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருந்திருக்கிறார்கள். மேட்டுநாட்டின் முப்பது வருடக் கணக்கையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். எழுத்தாணி ஓலையைத் தொடாமலே நின்றது. செம்பன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, எனக்கு அவங்க பேர் தெரியாது."

"நாளைக்கு அரசவையில அதைச் சொல்லுங்க" என்றாள் பூங்கோதை.