காற்றில் பூப் பறித்தவர்

“நினைவெல்லாம் அழிந்த பிறகு மிச்சம் இருப்பது யார்?”

இந்தக் கேள்வியோடு பாறையடி மடத்தின் படிகளில் ஏறினாள் பூங்கோதை. பதில் கிடைக்குமோ கிடைக்காதோ, கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கிறார் என்ற தெம்பு அவளுக்கு.

அவள் மூளையை ஆராய்கிறவள். வயதான எலிகளின் மூளைக்குள் அணையாமல் புகைகிற அழற்சியும், அதனால் அவை வழி மறப்பதும் அவள் ஆராய்ச்சி. போன மாதம் ஒரு கிழட்டு எலி, மருந்து கொடுத்த பின், மறந்த வழியைக் கண்டுபிடித்து ஓடியது. ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். அவளுக்கு மட்டும் ஒரு குடைச்சல். வழி மறந்து திகைத்து நின்ற நாட்களில் அந்த எலிக்குள் இருந்தது யார்?

எலியிடம் கேட்க முடியாது. சாமியிடம் கேட்கலாம்.

பாறையடிச் சாமிக்கு எண்பது தாண்டிவிட்டது. விஞ்ஞானம் தெரியாது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் மாட்டார். அவள் எப்போது வந்தாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றைத்தான்.

“எலிக சௌக்கியமா, தாயி?”

பேரப்பிள்ளைகளை விசாரிப்பது போல விசாரிப்பார்.

வாசலிலேயே தாண்டவன் எதிர்ப்பட்டான். மடத்தின் மூத்த சீடன், ஐம்பது வயதுக்காரன். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. ஆனால் அந்த முகத்தில் துக்கம் இல்லை, பூரிப்புதான் இருந்தது.

“டாக்டரம்மா, சாமி கரைஞ்சிட்டாவ.”

“எப்போது?”

“ஐயோ, அப்படி இல்லம்மா! உசுரோடதான் இருக்காவ. ஆளுதான் இல்ல. முந்தாநேத்து காலையில என்னைப் பாத்து ‘நீ யாரு’ன்னு கேட்டாவ. நானும் இத்தன வருசமா ‘நான் யாரு, நான் யாரு’ன்னு கண்ண மூடிக்கிட்டுக் கெடக்கேன். அவுக கேட்டதும் பொலபொலன்னு தண்ணி வந்துட்டு எனக்கு.”

உள்ளே சாமி சுவரில் சாய்ந்திருந்தார். கழுத்தில் மாலை. கீழூர் ஜனங்கள் எட்ட உட்கார்ந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாமியின் வலது கை காற்றில் நீண்டிருந்தது. விரல்கள் குவிந்தன, விரிந்தன. மறுபடி குவிந்தன.

“பூப் பறிக்காவ,” என்று கிசுகிசுத்தான் தாண்டவன். “அம்பாளுக்கு. நம்ம கண்ணுக்குத் தெரியாத பூ.”

“சாப்பிடுகிறாரா?”

“அன்னம் தண்ணி எல்லாம் தாண்டிட்டாவ. நேத்து ஒரு செம்பருத்திய அந்தக் கையில வச்சோம். வாயில போட்டு மென்னாவ. மிச்சத்த ஆளுக்கு ஒரு இதழா பிரசாதம் எடுத்துக்கிட்டோம்.”

பூங்கோதைக்கு மெய் சிலிர்த்தது. படித்தவளுக்குச் சிலிர்க்காது என்று யார் சொன்னது? தேடி வந்த பதில் மாலை போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறது! பெயர் போய்விட்டது, ஊர் போய்விட்டது, இன்னும் ஏதோ ஒன்று மிச்சம் இருந்து பூப் பறிக்கிறது.

சாமி அவள் பக்கம் திரும்பினார். அவள் காத்திருந்தாள்.

எலிகளைப் பற்றி அவர் கேட்கவில்லை.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்படியே காலில் விழுந்தாள்.

“தொடக் கூடாதும்மா! மூணு நாளா யாரும் தொடல,” என்று தாண்டவன் பதறினான். அதற்குள் அவள் நெற்றி சாமியின் பாதத்தில் பட்டுவிட்டது.

சட்டென்று நிமிர்ந்தாள்.

“சுடுகிறதே!”

“தவக்கனல்,” என்றான் தாண்டவன்.

அழல் என்றால் நெருப்பு. அழற்சி, அழற்சி என்று அவள் பக்கம் பக்கமாக எழுதியதும் அந்த நெருப்பைத்தான். தாண்டவன் சொன்னதில் பாதி சரி என்று அவளுக்குப் பட்டது.

“முந்தாநாளைக்கு முன்னால் மறதி உண்டா?”

“கிடையாது. வெள்ளிக்கிழம வரைக்கும் மாட்டுக்கு வச்ச பேரு முதக்கொண்டு சொன்னாவ.”

“நாள் முழுக்க இப்படியேதானா?”

“இல்லம்மா. காலையில கொஞ்சம் கீழ எறங்கி வாராவ. பொழுது சாஞ்சா மேல போயிருதாவ.”

“சிறுநீர்?”

தாண்டவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. கருவறையில் செருப்பைப் பற்றிப் பேசினது போல இருந்தது அவனுக்கு. “மொதல்ல அடிக்கடி எழும்பிப் போனாவ. எரியுதுன்னாவ. இப்ப போறதே இல்ல.”

“தாண்டவன், வண்டி பிடியுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“எதுக்கு?”

“சிறுநீர்ப் பாதையில் கிருமி இருக்கும்போல. மூளையில் காவல்காரர்கள் உண்டு. இளவயதில் திருடன் வந்தால் பிடிப்பார்கள், அப்புறம் தூங்கிவிடுவார்கள். முதுமையில் தடியைக் கீழே வைக்க மாட்டார்கள். கீழத்தெருவில் சத்தம் கேட்டால் போதும், மேலத்தெருவில் வீட்டுக்காரனையே போட்டு அடிப்பார்கள். சாமிக்கு இப்போது நடப்பது அந்த அடிதான். விட்டால் உயிர் போய்விடும்.”

தாண்டவனுக்கு வந்ததே கோபம். “நீங்க எலி டாக்டருதானம்மா? எலியப் பாத்துப் பாத்து, ஞானியப் பாத்தாலும் உங்களுக்கு எலியாத்தான் தெரியுது. ஞானத்துக்குப் போயி ஊசி போடச் சொல்லுதியளே!”

அவளுக்குச் சுருக்கென்றது. நான் சொல்வது தப்பாக இருந்தால்? கோடியில் ஒருவருக்கு வாய்த்ததைக் குளுக்கோஸ் பாட்டிலில் கரைத்த பாவம் என் தலையில் விடியுமே. அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது.

சாமியின் உதடுகள் வெடித்திருந்ததைப் பார்த்தாள்.

“சரி, தாண்டவன். ஞானமாகவே இருக்கட்டும். அதை ஊசி என்ன செய்யும்?”

தாண்டவன் துண்டால் முகத்தைத் துடைத்தான்.

“ஞானமாக இருந்தால் அசையாது. காய்ச்சலாக இருந்தால் போய்விடும். போட்டுத்தான் பார்ப்போமே!”

தாண்டவன் ஜனங்களைப் பார்த்தான், மாலையைப் பார்த்தான். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டி பிடிக்கப் போனான்.

ஆஸ்பத்திரியில் அவள் சொன்ன கிருமிதான் என்றார்கள். சாமியின் கையில் ஊசி ஏறியது. பூப் பறித்த கை மெல்ல மெல்ல அடங்கியது. அது அடங்க அடங்க, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த தாண்டவன் உடைந்துகொண்டே வந்தான்.

“அப்போ அந்தப் பூவெல்லாம்?”

“காய்ச்சல் முற்றினால் கை அப்படித்தான் அலையும்.”

“நான் அழுதேனே, டாக்டரம்மா. இந்தக் கட்டைக்கு அப்படி ஒரு சந்தோசம் வந்ததே கிடையாது. அதுவும் காய்ச்சலா?”

எலிகள் இந்த மாதிரிக் கேள்வி கேட்பதில்லை.

இரண்டு நாள் கழித்து, காலை வெயில் கட்டில் மேல் விழுந்த நேரத்தில் சாமி கண் விழித்தார். மேலே சுற்றிய விசிறியை ஆராய்ந்தார், தாண்டவனை ஆராய்ந்தார், கடைசியில் அவள் முகத்தில் பார்வையை நிறுத்தினார்.

“எலிக சௌக்கியமா, தாயி?”

பூங்கோதை வாய்விட்டு அழுதாள். எதற்கு அழுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. தாண்டவன் தடாலென்று தரையில் விழுந்தான்.

“மன்னிக்கணும் சாமி. உங்களுக்கு ஞானம் வந்துட்டுன்னுல்லா நெனச்சோம்!”

“நானும் அப்படித்தாம்டே நெனச்சேன்,” என்றார் சாமி.

தாண்டவன் தரையில் கிடந்தபடியே சிரித்துவிட்டான். அடுத்த கட்டில் நோயாளியும் என்ன ஏது என்று தெரியாமல் சிரித்தார்.

பூங்கோதை கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“சாமி, உங்களிடம் ஒன்று கேட்கத்தான் ஊரிலிருந்து வந்தேன்.”

“கேளு.”

“உங்கள் பேர் தெரியவில்லை. இவர் பேர் தெரியவில்லை. எல்லாம் போயிருந்ததே, அப்போது உள்ளே மிச்சம் இருந்தது யார்?”

சாமி கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே போய்த் தேடுவது முகத்தில் தெரிந்தது.

“யாரையும் காணோம், தாயி,” என்றார் கடைசியில். “தாகந்தான் இருந்துச்சு.”

“தாகமா?”

“தாகம். கேக்கணும்னு தெரியுது. தண்ணிக்கு என்ன பேருன்னு தெரியல.”

சாமி வலது கையைக் காற்றில் நீட்டினார். விரல்கள் குவிந்தன, விரிந்தன.

தாண்டவன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு தண்ணீர்ச் செம்பை எடுக்க ஓடினான்.