மான் காதில் நாலு வழி

விலங்குகள் ஒன்றோடொன்று வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு கோடையில் காட்டாறு வற்றி மணலாய்க் கிடந்தது. மிஞ்சியது ஒரே ஒரு மடு. அதில் கருந்தாடை என்ற முதலை இருந்தது.

தாகம் தாங்காத மான்கள் கரையில் வந்து நின்றன. கருந்தாடை ஒரு பேச்சு பேசியது.

"ஒரு மருதம்பட்டை, ஒரு வேப்பம்பட்டை. இரண்டுக்கும் ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை. இந்தக் கரை மரத்து மந்தி மேலே வீசட்டும். இரண்டும் கறுப்பு, இல்லை இரண்டும் வெள்ளை என்றால் எல்லோரும் குடியுங்கள். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை என்றால், முன்னால் நிற்கிறவர் எனக்கு; மற்றவர்கள் குடிக்கலாம். மூன்று வழியில் இரண்டு உங்களுக்கு. என்ன சொல்கிறீர்கள்?"

கூட்டத்தின் தலைவன் கிளைக்கொம்பன் யோசித்துப் பார்த்தது. கணக்கு நமக்குச் சாதகம்தான் என்று தலையாட்டிவிட்டது. தினம் ஒருவர் முறைவைத்து முன்னால் நின்றார்கள். ஆனால் கூட்டம் கரைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் தப்பினால் மறுநாள் ஒருவர் போனார்.

"நம் நேரம் சரியில்லை" என்றது கிளைக்கொம்பன்.

பூவணி என்ற பெண்மானின் முறை வந்தது. பால்குடி மறக்காத குட்டி அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு நின்றது. எத்தனை வழியில் விழும், எந்த வழியில் பிழைப்பேன் என்று மனம் அதையே சுற்றிச் சுற்றி வந்தது. பட்டையைக் கையில் எடுத்துப் பார்க்க அதற்குக் கை ஏது? இடது காதை மருதம்பட்டை என்றும் வலது காதை வேப்பம்பட்டை என்றும் வைத்துக்கொண்டது. காதை முன்னால் திருப்பினால் உள்பக்க வெள்ளை. பின்னால் மடக்கினால் கறுப்பு.

இரண்டு காதையும் முன்னால் திருப்பியது. ஒரு வழி. இரண்டையும் மடக்கியது. இன்னொரு வழி. இடது முன்னால், வலது பின்னால். அது முதலைக்கு. அவ்வளவுதானே என்று காதுகளை ஆட்டியபோது, வலது முன்னாலும் இடது பின்னாலும் நின்றது.

பூவணி சட்டென்று தலைவன் பக்கம் திரும்பியது.

"அண்ணே, மூன்று வழி இல்லை, நாலு!" என்று கத்தியது. "மருதம் வெள்ளை, வேம்பு கறுப்பு என்று விழுவது வேறு. வேம்பு வெள்ளை, மருதம் கறுப்பு என்று விழுவது வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டோம். நாலில் இரண்டு, பாதிக்குப் பாதி, முதலைக்குப் போயிருக்கிறது!"

கிளைக்கொம்பன் தன் காதுகளை ஆட்டிப் பார்த்தது. அதன் முகம் செத்துப்போயிற்று.

பூவணி மடுவைப் பார்த்துப் பேசியது. "இனி இரண்டும் கறுப்பாக விழுந்தால் மட்டும் எடுத்துக்கொள்."

"மூன்றில் ஒன்று என்றுதானே பேச்சு? நாலில் ஒன்றுக்கு இறங்கச் சொல்கிறாயா?" என்று உறுமியது முதலை.

"இதுவரை நாலில் இரண்டு தின்றாயே, அதற்கு என்ன சொல்கிறாய்? ஒத்துக்கொள்ளாவிட்டால் நாங்கள் மலைக்கு அந்தப்பக்கம் போகிறோம். வழியில் செத்தாலும் சாவோம். நீ யாரைத் தின்பாய்?"

வேறு வழியில்லை என்று முதலைக்குத் தெரிந்தது. மந்தியைப் பார்த்து, "வீசு" என்றது.

மந்தி வீசியது. மருதம்பட்டை கறுப்பாக விழுந்தது. பூவணி குட்டியைக் காலால் பின்னுக்குத் தள்ளியது. வேப்பம்பட்டை விளிம்பில் உருண்டு, ஒரு கல்லில் முட்டி, தள்ளாடிச் சாய்ந்தது.

வெள்ளை.

பழைய பேச்சுப்படி என்றால் இந்நேரம் பூவணி இல்லை. கருந்தாடை ஆழத்துக்குப் போயிற்று. கூட்டம் ஆவலோடு தண்ணீரில் இறங்கியது. குட்டியும் குடித்தது.

பூவணி மட்டும் உடனே வாய் வைக்கவில்லை. இரண்டும் கறுப்பாய் விழும் அந்த ஒரு வழி போய்விடவில்லையே, நாளைக்கும் இருக்குமே. காதுகளைத் திருப்பிப் பார்த்தது, ஒரு மடக்கு குடித்தது. மறுபடியும் திருப்பியது, இன்னொரு மடக்கு குடித்தது.

அன்று முதல்தான் மான், எவ்வளவு தாகமானாலும் தண்ணீரில் வாய் வைக்குமுன் இரண்டு காதுகளையும் முன்னால், பின்னால், ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும், பிறகு மாற்றியும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் குனிகிறது.