கட்டை நுழையும் உயரம்

கோயம்புத்தூருக்கு வெளியே, நேர்கோட்டில் பறக்கிற பந்தயக் கார்களுக்கு ஒரு குரு இருந்தார். பெயர் ஸ்டெல்லா. எல்லாருக்கும் அவர் மாஸ்டர். ஷெட்டில் இரண்டு கார்கள், ஓட்டுவதற்கு இரண்டு சீடர்கள். மயில்சாமி ஆறு வருஷமாக இருக்கிறான். ஹாரூன் போன வருஷம் வந்து சேர்ந்தவன்.

வந்தவன் வந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் மயில்சாமி முதலில் இருந்தான். பிறகு மாஸ்டரின் டீயில் பாதி ஹாரூனுக்குப் போக ஆரம்பித்தது. அதையும் பொறுத்துக்கொண்டான். பொறுத்துக்கொண்டதாக அவனே சொல்லிக்கொண்டான், அவ்வளவுதான். அவன் முகத்தைப் பார்த்த யாரும் அதை நம்பவில்லை.

பந்தயத்தன்று காலையில் அவன் டயருக்குக் காற்றடித்துக்கொண்டு வந்தபோது, ஹாரூன் ஹெல்மெட் மாட்டி சீட்டில் உட்கார்ந்திருந்தான். மாஸ்டர் அந்தக் காருக்கு முன்னால் தரையில் மண்டி போட்டிருந்தார். முட்டி தேய்ந்து, சர்ச்சில்கூட நாற்காலி கேட்டு வாங்குகிறவர் அவர். இப்போது கன்னம் சிமெண்டில் படக் குனிந்து, தரைக்கும் காருக்கும் இடைவெளி அளக்கிற மரக்கட்டையைக் காரின் மூக்குக்கு அடியில் நுழைத்துப் பார்த்தார். முன் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் திருகினார். மறுபடி நுழைத்தார்.

மயில்சாமி பார்த்தபடி நின்றான். எனக்காக ஒரு தரம் இப்படிக் குனிந்திருப்பாரா என்று நினைத்தான். ஒரு தரம்கூட அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

மாஸ்டர் எழுந்தார். "மயிலு, ஏறி உக்காரு. உன்றதையும் பாத்தர்லாம்."

"வேண்டாங்க மாஸ்டர். நானே வெச்சுக்கறேன்."

"நீயேவா?"

"எனக்கும் கை இருக்குதுங்க."

மாஸ்டர், மயில்சாமியின் காருக்கென்று அறுத்து வைத்திருந்த கட்டையை எடுத்து அவனிடம் கொடுத்துவிட்டு, முட்டியைத் தடவிக்கொண்டே போனார்.

மயில்சாமி தரையில் படுத்தான். கட்டை இடிக்காமலும் ஆடாமலும் நுழைகிற வரைக்கும் ஸ்பிரிங்கைத் திருகினான். இது என்ன பெரிய வித்தை, இதற்குப் போய் அவனுக்கு இத்தனை உபசாரமா என்று முணுமுணுத்தான்.

புறப்படும் கோட்டில், தரையை ஒட்டி ஓர் ஒளிக்கற்றை குறுக்கே ஓடும். முன் டயர்தான் அதை மறைக்க வேண்டும். காரின் மூக்கு போய் மறைத்தால் தப்பு ஆட்டம். அன்று காலை மயில்சாமியின் கார் கோட்டுக்கு வந்தபோது மூக்குதான் முந்திக்கொண்டது. பச்சை விழுவதற்குள் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. ஓடாமலே தோற்றுப்போனான். ஹாரூன் சுத்தமாக ஓடி முடித்தான்.

மத்தியானம் இன்னும் ஒரே ஒரு ஓட்டம் பாக்கி. அதிலும் சிவப்பு விழுந்தால் காரை லாரியில் ஏற்ற வேண்டியதுதான். மயில்சாமி கட்டையோடு மாஸ்டரிடம் வந்து நின்றான்.

"நீங்க குடுத்த கட்டைதானுங்க. சரியாத்தான் நுழைஞ்சுது."

"நுழைஞ்சிருக்கும்."

"அப்பறம் எப்படிங்க மூக்கு எறங்குச்சு?"

"அளந்தப்ப சீட்ல யாரு இருந்தா?"

"நான் கீழ இருந்தேனுங்க."

"சீட்ல?"

மயில்சாமி காரைப் பார்த்தான். "யாருமில்லீங்க."

அவன் ஏறி உட்கார்ந்ததும் அவனுடைய எடையே காரை ஒரு விரல் கனத்துக்கு இறக்கிவிட்டிருந்தது. அது அவனுக்கு இப்போது புரிந்தது. ஆனாலும் நெஞ்சுக்குள் கிடந்தது வேறு.

"அது கெடக்கட்டுங்க மாஸ்டர். ஒண்ணு கேக்கோணும்."

"கேளு."

"நேத்து வந்தவனுக்குத் தரையில விழுந்து பாக்கறீங்க. எனக்கு இத்தன வருஷத்துல ஒரு தரமாச்சும் அப்படிப் பாத்தீங்களா?"

நாற்பது வயசு ஆள், மீசைக்குப் பின்னால் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான்.

மாஸ்டர் அவன் கையிலிருந்து கட்டையை வாங்கிக்கொண்டார். "ஹெல்மெட்டை மாட்டிட்டு ஏறி உக்காரு."

ஏறினான். ஆறு வருஷமாக ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் செய்கிற மாதிரியே பெல்ட்டை இழுத்துக் கட்டி, நேரே பார்த்து உட்கார்ந்தான்.

"என்ன தெரியுது?" குரல் மட்டும் வந்தது.

"பானட்டுங்க. அதுக்கப்பறம் ரோடு."

"நானு?"

மயில்சாமி கழுத்தை நீட்டிப் பார்த்தான். பெல்ட் விடவில்லை.

"தெரியலீங்க மாஸ்டர். எங்க இருக்கறீங்க?"

மூக்குக்கு அடியில் கட்டை சிமெண்டில் உரசுகிற சத்தம் கேட்டது. அது அவன் ஆறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற சத்தம்தான்.

"எப்பவும் இருந்த எடத்துலதான், மயிலு," என்றார் மாஸ்டர்.