மூன்று பூட்டுக் களஞ்சியம்

மழவராயர் குருவைப் பார்க்க வந்தபோது அவர் இடுப்பில் ஒரு பெரிய சாவி தொங்கியது. குரு நங்கையார் வயதில் அவரைவிடச் சிறியவர். ஆனாலும் அவர் முன்னால் ராயர் உட்கார மாட்டார்.

மூன்று நாடுகள் சந்திக்கும் எல்லையில் ஒரு பொதுக் களஞ்சியம் இருந்தது. எங்கே பஞ்சம் வந்தாலும் அனுப்புவதற்கென்று மூன்று அரசர்களும் சேர்ந்து நெல் கொட்டி வைத்தது. சேர்ந்து கொட்டினார்களே தவிர, ஒருவரை ஒருவர் நம்பவில்லை. அதனால் கதவுக்கு மூன்று பூட்டு, நாட்டுக்கு ஒரு சாவி. அதில் ஒன்றுதான் ராயரிடம் இருந்தது.

இப்போது மலையூர்களில் பஞ்சம். முதலில் திறக்கிறவன் இளிச்சவாயன் என்று மூன்று அரண்மனையிலும் நினைத்தார்கள். பேச்சுவார்த்தை மட்டும் விருந்தோடு ஜோராக நடந்தது.

"அம்மா, மத்த ரெண்டு பேரையும் எப்படித் திறக்க வைக்கிறது?" என்று கேட்டார் ராயர்.

"வாங்க, போய்ப் பார்ப்போம்."

உச்சி வெயில். களஞ்சியத்தின் பக்கம் ஒரு காக்கைகூட இல்லை. மற்ற இரண்டு சாவிக்காரர்களும் ஆளுக்கொரு மரத்தடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"கதவுல காதை வைங்க," என்றார் குரு.

ராயர் வைத்தார்.

உள்ளே பந்தி நடந்துகொண்டிருந்தது. இலையை வழித்தார்கள். ரசத்தை உறிஞ்சினார்கள். "அந்தப் புள்ளைக்கு இன்னும் கொஞ்சம் போடுங்க," என்று ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள். அப்புறம் யாரும் பேசவில்லை. மென்றுகொண்டே இருந்தார்கள்.

ராயருக்குக் கோபம் வந்தது.

"திருடனுங்க உள்ள பூந்துட்டானுங்க. சீக்கிரம் வாங்கய்யா."

மரத்தடிக்காரர்கள் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். யார் முதலில் என்ற பேச்சே எழவில்லை. மூன்று சாவிகளும் சேர்ந்தாற்போல் திரும்பின.

கதவு திறந்ததும் சத்தம் நின்றுவிட்டது.

நெல் கூரைவரை குவிந்து கிடந்தது. தரையில் தூசி கலையவில்லை, ஒரு காலடித் தடம் இல்லை. இலையும் இல்லை, பருக்கையும் இல்லை. சுடுசோற்று வாசனை மட்டும் கம்மென்று அடித்தது.

"ஒண்ணும் திருடு போகல," என்றார் சாவிக்காரர்களில் ஒருவர். "பூட்டிடலாம்."

மற்றவர் தலையாட்டினார். ராயர் மட்டும் குருவிடம் திரும்பினார்.

"யாரும்மா உள்ள சாப்பிட்டது?"

"நீங்க திறப்பீங்கன்னு நம்பிச் செத்தவங்க," என்றார் குரு. "இன்னும் கொஞ்சம் பேர் மலையில உசிரோட இருக்காங்க. பூட்டுனீங்கன்னா அவங்களும் இங்கதான் வருவாங்க."